இரண்டு சுருள் காசு

எல்லோரும் சின்னதாகத்தான் கேட்கிறார்கள்.
கண்ணாடிப் பெட்டியின்மேல் கைரேகை பதியக் குனிந்து
"அதோ, அந்தக் கோடியில் இருப்பது" என்கிறார்கள்,
பிஸ்கட் வாங்குகிறவர்கள்போல.

நெல்டா ப்ரூயிட்டும் அதையேதான் காட்டினாள்.
காஸ்பர் ஊரின் தானியங்கிப் பெட்டிகளில்
சோடாவும் சிப்ஸும் அடைத்துவிட்டு
விழுந்த காசை அள்ளிப்போகிற வேலை அவளுக்கு.
ஐம்பத்தெட்டு வயது. விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்கு.

கையில் வாங்கியதும் எடை சொன்னாள்:
"கால் டாலர் காசில் ஒன்றரைச் சுருள்."
தபால் தராசில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றரைதான்.

சின்னதில் ஒரு சங்கதி உண்டு, யாரும் நம்புவதில்லை.
எடை குறையக் குறைய உதை கூடும்.
பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது,
பந்தியில் இலை கிடைக்காதவன்போல் அது வெளியே நிற்கும்.
உள்ளே சுருள்வில் முறுக்கிக்கொண்டிருக்கும்.
நெல்டா மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.
பாதி வந்தது.
பல்லைக் கடித்தாள்.
முக்கால்.
வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.
கடுகு சிறுத்தது; காரமெல்லாம் அவள் கட்டைவிரலுக்கு.

அஞ்சு குண்டு ரிவால்வர் ஒன்றை,
உருளை காலி என்று திறந்து காட்டி, நீட்டினேன்.
இழுக்க எதுவுமில்லை. விசை மட்டும் கனம்.
இரண்டு முறை அமுக்கினாள், மெதுவாக.
"பழைய கோலா மெஷின் பித்தான் இப்படித்தான்.
முழுசா அமுக்கினாத்தான் டப்பா விழும்.
இது ரெண்டு சுருள்."

அதன்பிறகு நான் தையல்காரன்.
வழக்கமாக என்ன உடுத்துவீர்கள்?
பெல்ட் கட்டுவீர்களா?
வண்டி ஓட்டும்போது எந்தப் பக்கம் சாய்வீர்கள்?
ஒரு நாளில் எத்தனை முறை குனிவீர்கள்?
"எண்பது இருக்கும். காசு கீழேதானே விழும்."
கொஞ்சம் பொறுத்து,
"இதெல்லாம் என்னை யாரும் கேட்டதில்லை" என்றாள்.

யாருக்குப் பயந்து என்பதை மட்டும் நான் கேட்பதில்லை.
அந்தப் பதிலை வைக்க இந்தக் கடையில் தட்டு கிடையாது.

இடுப்பில் உறை மாட்டி, தூண்டில் வரிசைவரை நடக்கச் சொன்னேன்.
ஒன்றும் தெரியவில்லை.
கதவைத் திறந்து வாசலில் நிற்கச் சொன்னேன்.
வயோமிங் காற்றுக்கு ரகசியம் ஆகாது.
சட்டை விளிம்பு ஒரே வீச்சில் விலா வரைக்கும்.
லாரிக்காரன் ஒருவன்
பார்த்தும் பார்க்காதவனாகப் போனான்.

ஆக, கோட்டின் வலது பை.
அதில் வேறெதுவும் போடக்கூடாது என்றேன்.
கவிழ்த்தாள்:
சாவிக்கொத்து, ரப்பர் பட்டை, புதினா மிட்டாய்,
பல் டாக்டரின் சீட்டு, தேதி தாண்டியது.
எல்லாம் இடது பைக்குக் குடிபோயின.

படிவத்தில் பெயர், உயரம், பிறந்த ஊர்
மளமளவென்று எழுதினாள்.
இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?
அங்கே பேனா நின்றது.
பிறருக்காக வாங்குகிறவர்களைப் பிடிக்கச்
சட்டம் வைத்த கேள்வி அது.
பலர் படிக்காமலே ஆம் போடுவார்கள்.
அவள் கோட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்,
வாசலில் ஆடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தாள்.
பின்னால் ஒருவர் செருமினார்.
ஆம், என்று போட்டாள்.
கட்டத்தின் ஓரத்தில், சின்னதாக.

அக்டோபரில் மளிகைக் கடையில் பார்த்தேன்.
துப்பாக்கி தெரியவில்லை, நன்றாகத்தான் மறைத்திருந்தாள்.
தெரிந்தது வேறு.
மேல்தட்டு ஓட்ஸ் டப்பாவுக்கு
எட்டாத இடது கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.
சிநேகிதி ஒருத்தி கட்டிக்கொள்ள வந்தபோது
வலது முழங்கையை விலாவோடு ஒட்டி
அரை உடம்பைக் கொடுத்தாள்.

பதினோரு வருஷமாக நான் கொடுப்பதும் அரைதான்.
என் சட்டை அத்தனையிலும் ஒரே இடத்தில் நூல் தேய்ந்திருக்கிறது,
இடுப்பெலும்புக்குமேல், ஒரு காசு அகலம்.
ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை.

தலையசைத்தாள். அசைத்தேன்.
டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்,
இடது கையால்.